ஒரே கைவிலங்கின் இரு வளையங்கள்: காலனியாட்சியின் மனநலச் சட்டமும் தொழிலாளர் சட்டமும்

(தொழிற்சங்க முன்னணி ஊழியர்களுக்கான கட்சிக் கல்வி முகாமில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மனநலச் சட்டத்தையும் தொழிலாளர் சட்டத்தையும் ஏன் ஒரே வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள் என்ற ஐயம் உங்களில் சிலருக்கு எழுந்திருக்கும். முன்னது மருத்துவத் துறையின் காரியம், பின்னது தொழிலாளர் துறையின் காரியம் என்றே நாம் பழகியிருக்கிறோம். சங்கத்தில் கூலி பேசுகிறோம், போனஸ் பேசுகிறோம், பணி நிரந்தரம் பேசுகிறோம். ஒரு தோழர் மனமுடைந்து வேலைக்கு வராமல் போனால், அது அவருடைய வீட்டு விவகாரம் என்று ஒதுங்கிக்கொள்கிறோம். இந்தப் பிரிவினை இயல்பாக வந்ததல்ல. 1858, 1859 ஆகிய அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களில் அதன் வேர் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1857 எழுச்சி ஒடுக்கப்பட்டு, இந்தியாவின் ஆட்சி கம்பெனியின் கையிலிருந்து பிரிட்டிஷ் முடியாட்சியின் கைக்கு மாறிய ஆண்டு 1858. அதே ஆண்டில் மனநோய் குறித்து மூன்று சட்டங்கள் வந்தன. அவை அந்த ஆண்டின் 34, 35, 36-ஆவது சட்டங்கள். முதலிரண்டும் சொத்து உள்ளவர்களைப் பற்றியவை. சித்தம் கலங்கிய ஒரு ஜமீன்தாரின் அல்லது வணிகரின் சொத்தை யார் நிர்வகிப்பது, நீதிமன்றம் எவ்வாறு விசாரிப்பது என்பன அவற்றின் அக்கறை. மூன்றாவது சட்டம் காப்பகங்களைப் பற்றியது. அதில் சொத்தில்லாதவர் வருகிறார். தம் எல்லைக்குள் சுற்றித் திரியும் மனநோயாளிகளையும், மனநோயால் ஆபத்தானவர்கள் என்று நம்பப்படுபவர்களையும் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது போலீஸ் தாரோகாவின் கடமை என்று அந்தச் சட்டம் வகுத்தது. அதாவது, சொத்துள்ளவர் மனம் கலங்கினால் நிலத்திற்கு மேலாளர் வருவார். சொத்தில்லாதவர் மனம் கலங்கினால் அவரைத் தேடிப் போலீஸ் வரும். வர்க்கச் சட்டம் என்றால் என்ன என்று புதிய தோழர்களுக்கு விளக்க வேண்டியிருந்தால், இந்த மூன்று சட்டங்களையும் அருகருகே வைத்தாலே போதும்.

அடுத்த ஆண்டு, 1859-இல், 13-ஆவது சட்டம் வந்தது. தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் என்று அதைச் சொல்லலாம். முன்பணம் வாங்கிய கைவினைஞர்கள் வேலையை முடிக்காமல் போய்விடுகிறார்கள் என்று கல்கத்தாவின் ஐரோப்பிய வணிகர் சங்கம் முறையிட்டதன் விளைவு அது. முன்பணம் பெற்ற கைவினைஞரோ கூலியாளோ வேலை செய்ய மறுத்தால், முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையைச் செய் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடுவார். கீழ்ப்படியாவிட்டால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கடன் கொடுத்த முதலாளி சாதாரணமாக உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டிய விவகாரத்தை இந்தச் சட்டம் குற்றவியல் வழக்காக மாற்றியது. கடன்பட்டவர் தொழிலாளி என்பது ஒன்றே அதற்குக் காரணம்.

இச்சட்டத்தில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். ‘வேண்டுமென்றே’, நியாயமான காரணமின்றி, வேலையைப் புறக்கணித்தவர் என்கிறது சட்டம். வேண்டுமென்றே என்றால் மனமறிந்து. ஆக, 1858-இன் சட்டத்தில் ஏழைக்கு மனம் இருப்பது அது கெட்டுப்போன நிலையில்தான். 1859-இன் சட்டத்தில் அவருக்கு மனம் இருப்பது, அவரைத் தண்டிப்பதற்கு ஒரு ‘வேண்டுமென்றே’ தேவைப்படுகிற இடத்தில்தான். வேலைக்கு வராத மனிதர் ஒன்று குற்றவாளி, அல்லது பித்தர். அந்த வேலையே ஒருவருடைய மனத்தை உடைக்கக்கூடும் என்ற எண்ணத்திற்கு இந்த இரண்டு சட்டங்களிலும் இடமில்லை. நான் இன்று சொல்ல வந்தது இதுதான். மற்றவை எல்லாம் இதற்கான சான்றுகள்.

இந்தச் சட்டங்கள் எப்படி வேலை செய்தன என்பதை ஓரிடத்தில் நின்று பார்ப்போம். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள் அதற்குப் பொருத்தமான இடம். சோட்டா நாக்பூர், சந்தால் பர்கானா, ஒரிசா, மத்திய மாகாணங்கள் ஆகிய பகுதிகளிலிருந்து ஆதிவாசி மக்களும் நிலமற்றவர்களும் ஆள்பிடிப்போர் மூலம் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். ‘ஆர்க்காட்டி’ என்று அந்த ஆள்பிடிப்போருக்குப் பெயர். 1863 மே முதல் 1866 மே வரையிலான மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழ 85,000 பேர் இறக்கப்பட்டார்கள். 1866-இன் நடுவில் கணக்கெடுத்தபோது அவர்களில் 30,000-க்கும் மேற்பட்டோர் தோட்டங்களில் இல்லை. இறந்திருந்தார்கள், அல்லது தப்பி ஓடியிருந்தார்கள். போர்க்களத்துக் கணக்கல்ல இது. தேயிலை பறித்த கணக்கு.

ஓட்டத்தைத் தடுக்க 1865-இல் வங்காளத்தின் 6-ஆவது சட்டம் வந்தது. அது ஒரு கையால் ஆணுக்கு 5 ரூபாய், பெண்ணுக்கு 4 ரூபாய், சிறுவருக்கு 3 ரூபாய் என்று மாதக் கூலியின் கீழ்வரம்பைக் குறித்தது. மறு கையால், ஓடிப்போகும் தொழிலாளியைப் பிடியாணை இல்லாமல் தாமே கைது செய்யும் அதிகாரத்தைத் தோட்டத் துரைக்குக் கொடுத்தது. வேலையை விட்டுப் போவதற்குச் சட்டம் வைத்த பெயரையும் பாருங்கள்: பட்டாளத்துச் சிப்பாய் படையை விட்டு ஓடுவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லையே கூலித் தொழிலாளிக்கும் சூட்டினார்கள். 1882-இன் சட்டம் ஒப்பந்தக் காலத்தை ஐந்தாண்டு வரை நீட்டியது. துரைகளின் கைது அதிகாரம் 1908-இல்தான் திரும்பப் பெறப்பட்டது. இதற்கிடையில் 1859-இன் பழைய சட்டத்தையும் தோட்ட முதலாளிகள் விடவில்லை. புதிய சட்டங்களில் மேற்பார்வை, பதிவு என்று சில தொல்லைகள் இருந்தன. பழைய சட்டத்தில் அவை எதுவும் இல்லை. சென்னை மாகாணத்துத் தோட்ட முதலாளிகளும் தங்களுக்கென்று 1903-இல் ஒரு தனிச் சட்டத்தைப் பெற்றுக்கொண்டார்கள். கங்காணி, முன்பணம், ஓடியவரைப் பிடித்தல் என்ற இந்தக் கதை நம் மலைத்தோட்டத் தோழர்களுக்குப் பாட்டன் பாட்டி வாயிலாகத் தெரிந்ததே.

தேயிலை மாவட்டங்களில் ஒன்றான தர்ராங்கின் தலைநகரமாக அன்று இருந்த தேஜ்பூர், பிரம்மபுத்திராவின் கரையில் இருக்கிறது. அங்கே 1876-இல் ஒரு மனநோய்க் காப்பகம் திறக்கப்பட்டது. தோட்டத்திலிருந்து தப்பியவர், மொழி தெரியாத நாட்டில், சொந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் அறியாமல், பசியோடும் காய்ச்சலோடும் சாலையில் நடந்துகொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். துரையின் ஆள் கண்டால் அவர் ‘ஓடியவர்’. தாரோகா கண்டால் அவர் ‘சுற்றித் திரிபவர்’. எந்தச் சட்டத்தின் கீழ் அவர் மாஜிஸ்திரேட் முன் நிற்பார் என்பது பல நேரங்களில் யார் கண்ணில் முதலில் பட்டார் என்பதைப் பொறுத்தது. இரண்டு வழக்கையும் விசாரிக்கும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுக்கே இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. காலனியாட்சி தொழிலாளர்களைப் பெருந்திரளாகப் பித்தர் காப்பகங்களில் அடைத்தது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அவ்வளவு பணத்தைச் செலவழிக்க அந்த ஆட்சிக்கு மனமில்லை. காப்பகங்கள் சிறியவை. உழைப்பாளியை அடக்குவதற்குச் சிறையும் தோட்டத்துப் பிரம்பும் போதுமாயிருந்தன, காப்பகம் மிச்சத்திற்குத்தான். ஆனால் அந்த மிச்சத்திலும் உழைப்பைக் கறக்க அவர்கள் மறக்கவில்லை. அடைக்கப்பட்டவர்கள் நெசவு நெய்தார்கள், காய்கறி பயிரிட்டார்கள், எண்ணெய் ஆட்டினார்கள். அந்தப் பொருள்களின் விற்பனைத் தொகை காப்பகங்களின் ஆண்டறிக்கைகளில் வரவாக எழுதப்பட்டது. நோயாளி வேலைக்கு முன்வருவதே குணமடைவதன் அடையாளமாகவும் கொள்ளப்பட்டது. வேலை மனிதருக்கு நல்லது என்பதில் நமக்கு மறுப்பில்லை. கூலி இல்லாத வேலையைச் சிகிச்சை என்று எழுதிக்கொண்டதில்தான் மறுப்பு.

மனநோயின் காரணத்தை எப்படிக் கண்டார்கள்? இதற்கு ஒரு நல்ல சான்று, 1893–94-இல் அமைந்த இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு. காப்பகங்களின் புள்ளிவிவரங்களைக் காட்டி, இந்தியாவில் பைத்தியம் பிடிக்கப் பெருங்காரணம் கஞ்சாதான் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். அந்தக் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. காப்பகப் பதிவேடுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தது. புள்ளிவிவரம் நம்பத்தக்கதல்ல என்று கண்டது. நோயாளியைக் கொண்டுவரும் போலீஸ்காரர் கொடுத்த தாளில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதை எதையாவது எழுதி நிரப்ப வேண்டும். கஞ்சா என்று எழுதுவது எளிது. காப்பக மருத்துவர் விசாரிக்காமலே அதைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டார். அரசின் குழுவே இதைக் கண்டு சொன்னது என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகக் கூறுகிறேன். ஒரு மனிதர் ஏன் உடைந்தார் என்ற கேள்வி போலீஸ் தாளின் ஒரு கட்டத்தில் முடிந்துபோனது. நம் ஆலைகளில் ‘குடிப்பழக்கம்’ என்று எழுதி மூடப்படும் கோப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையருக்கு வேறு ஏற்பாடு. சித்தம் கலங்கிய ஐரோப்பியர்களைக் கம்பெனி லண்டன் அருகே ஹாக்னியில் இருந்த ஒரு விடுதிக்குக் கப்பலேற்றியது. பின்னர் 1870 முதல் 1892 வரை ஈலிங்கில் அவர்களுக்கென்றே ஓர் அரசுக் காப்பகம் இருந்தது. ஆளும் இனத்தவர் நிலைகுலைந்து கிடப்பதை ஆளப்படுபவர்கள் பார்க்கக் கூடாதல்லவா! ராஞ்சியில் 1918-இல் திறந்ததும் ஐரோப்பியருக்கான காப்பகமே. இந்தியருக்கான மருத்துவமனை அதே ராஞ்சியில், காங்கேயில், 1925-இல்தான் வந்தது.

ஆலைத் தொழிலாளர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1881, 1891 தொழிற்சாலைச் சட்டங்கள் குழந்தைகளின் வேலை நேரத்துக்கும், பிறகு பெண்களின் வேலை நேரத்துக்கும் வரம்பு விதித்தன. அதற்கு மனிதநேயத்தைவிட லங்காஷயர் முதலாளிகளின் போட்டிப் பயமே அதிகம் உந்துதல் தந்தது என்பது பழைய பாடம். 1908-இல் அறிக்கை தந்த தொழிற்சாலைத் தொழிலாளர் குழுவின் பெரும்பான்மை, வளர்ந்த ஆண்களின் வேலை நேரத்தைச் சட்டத்தால் நேரடியாகக் கட்டுப்படுத்த வேண்டாம் என்றது. இந்தியத் தொழிலாளி வேலைக்கிடையே சாவகாசமாகத் திரிகிறான், எனவே நீண்ட நேர வேலை அவனைப் பாதிக்காது என்பது முதலாளிகள் விடாமல் ஓதிய வாதம். அக்குழுவில் இருந்த சென்னை மருத்துவர் டி.எம். நாயர் இணங்க மறுத்து, ஆண்களுக்கும் நேர வரம்பு வேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதினார். பின்னாளில் நீதிக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவர் அவர். அவருடைய அரசியலோடு நமக்கு எத்தனை வேறுபாடு இருந்தாலும், அந்தக் குறிப்புக்காக அவரை நினைவில் வைத்திருக்க வேண்டும். 1911-இன் சட்டம் பஞ்சாலைகளில் ஆண்களுக்கு 12 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. இந்த விவாதம் முழுவதிலும் கண், நுரையீரல், எடை எல்லாம் பேசப்பட்டன. பன்னிரண்டு மணி நேர இயந்திர இரைச்சல் ஒருவருடைய மனத்தை என்ன செய்யும் என்பது சட்டத்தில் ஏறவே இல்லை.

அடுத்த ஆண்டு, 1912-இல், இந்திய மனநோயாளர் சட்டம் வந்தது. பழைய சட்டங்களை ஒன்றாகத் தொகுத்து, காப்பகங்களின் மேற்பார்வையைச் சற்றே சீர்படுத்தியது. ஆனால் அதன் 13-ஆவது பிரிவில் அதே போலீஸ் அதிகாரம் இருந்தது: ஆபத்தானவர் என்று கருதப்பட்டவரைக் கட்டாயம் கைது செய்ய வேண்டும், சுற்றித் திரிபவரைக் கைது செய்யலாம்.

மறுபக்கத்தில், 1859-இன் சட்டம் எப்படி ஒழிந்தது? இங்கிலாந்தில் ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறையில் அடைக்கும் முறை, தொழிற்சங்கங்களின் போராட்டத்தால் 1875-இல் முடிவுக்கு வந்தது. அதே முடியாட்சியின் கீழ் இந்தியத் தொழிலாளி மேலும் ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கும் அது தானாக உதிரவில்லை. 1921 மே மாதத்தில் சுர்மா பள்ளத்தாக்கின் சார்கோலாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வெளியேறி, ஊர் திரும்ப நடந்தார்கள். சாந்த்பூர் ரயில் நிலையத்தில் இரவில் கூர்க்காச் சிப்பாய்கள் அவர்களைத் தாக்கினார்கள். காலரா பலரைக் கொண்டுபோனது. அஸ்ஸாம்–வங்காள ரயில்வேத் தொழிலாளர்களும் படகுத் தொழிலாளர்களும் அவர்களுக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள்.

துரைகள் அன்று சொன்ன விளக்கம் என்ன? வெளியாட்கள் தூண்டிவிட்டார்கள், ஏதுமறியாத கூலிகள் மதிமயங்கிப் போனார்கள் என்றார்கள். இது எவ்வளவு விசித்திரம் என்று பாருங்கள். ஒரு தொழிலாளி தனியாக ஓடினால் அது ‘வேண்டுமென்றே’ செய்த குற்றம்; அவருக்கு முழு மனம் உண்டு. ஆயிரம் பேர் கூடி வெளியேறினால் அது மதிமயக்கம். அவர்களுக்குச் சொந்த மனமே இல்லை. முதலாளிக்கு எது வசதியோ அதற்கேற்பத் தொழிலாளிக்கு மனம் முளைக்கும், மறையும்.

1925-இல் நீக்கச் சட்டம் நிறைவேறியது. 1926 ஏப்ரல் முதல் 1859-இன் சட்டம் செத்தது. தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 1926-இல். ஒரு வளையம் கழன்றது. மற்றொன்று, 1912-இன் சட்டம், சுதந்திரத்திற்குப் பிறகும் கழலவில்லை. 1946-இல் போர் குழு தந்த அறிக்கைப்படி, 40 கோடி மக்களுக்குச் சுமார் 10,000 மனநல மருத்துவமனைப் படுக்கைகளே இருந்தன. 40,000 பேருக்கு ஒன்று. இங்கிலாந்தில் அன்று ஏறத்தாழ 300 பேருக்கு ஒன்று. அந்த வறிய அமைப்பைப் புதிய இந்தியா ஏற்றுக்கொண்டது. அதோடு அந்தச் சட்டத்தையும் மாற்றாமல் ஏற்றுக்கொண்டது.

அதன் விளைவு தேஜ்பூரிலேயே தெரிகிறது. 1951-இல் அஸ்ஸாமின் ஒரு கிராமத்தில், கொடுங்காயம் விளைவித்ததாக ஓர் ஆதிவாசி இளைஞர் கைதானார். மனநோய் என்று தேஜ்பூர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-இல் மருத்துவர்கள் அவர் குணமடைந்துவிட்டார் என்று எழுதினார்கள். விடுதலை கிடைக்கவில்லை, சிறைக்கு மாற்றப்பட்டார். விசாரணையே இல்லாமல் 54 ஆண்டுகள் கழித்து, 2005-இல், ஒரு ரூபாய்ப் பிணையில் வெளியே வந்தார். அவருக்கு இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் பின்னர் உத்தரவிட்டது. குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று அதே நீதிமன்றம் சொன்னது 1993-இல்தான். 1912-இன் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1987-இன் மனநலச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே 1993-இல்தான்.

இன்று நம் கையில் 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. முந்தையவற்றைவிடப் பலபடி மேலானது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிகிச்சையை உரிமையாக்குகிறது. அதன் 3-ஆவது பிரிவை ஒவ்வொரு சங்க ஊழியரும் படிக்க வேண்டும். அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. சமூகம் மதிக்கும் ஒழுக்க, பண்பாட்டு, அரசியல் மதிப்பீடுகளோடு, ‘வேலை’ சார்ந்த மதிப்பீடுகளுக்கும் ஒருவர் இணங்காதிருப்பது மனநோய்க்குச் சான்றாகாது என்றும் சொல்கிறது. 1858-க்கு இப்படியொரு மறுப்பு வர 159 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஆனால் தொழிலாளர் சட்டத்தின் பக்கம் திரும்பினால் அந்த மறுப்பு எதிரொலிக்கவில்லை. 1923-இன் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் மனநோய் எதுவும் இருக்கவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் தன் பட்டியலைத் திருத்தி மனநலக் கோளாறுகளைச் சேர்த்துவிட்டது. நம்முடைய புதிய தொகுப்புகள் சேர்க்கவில்லை. 1947-இன் தொழில் தகராறு சட்டத்தின்படி ‘தொடர்ந்த உடல்நலக் குறைவு’ என்ற காரணத்தால் ஒருவரை நீக்கினால் அது ஆட்குறைப்பாகக் கருதப்படவில்லை. மனநோயால் ஆறு மாதம் படுத்தவரை இழப்பீடின்றி அனுப்பிவைக்க இதைவிட வசதியான வாசல் ஏது? பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியானவரை நீக்கக் கூடாது என்று 2016-இன் சட்டம் சொல்கிறது, உண்மைதான். அந்தப் பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. தனியார் ஆலையிலும் தோட்டத்திலும் ஒப்பந்த வேலையிலும் இருப்பவருக்கு அது இல்லை.

தேசியக் குற்றப் பதிவகத்தின் கணக்குப்படி, 2021-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,64,033 பேர். அவர்களில் 42,004 பேர் தினக்கூலிகள். நான்கில் ஒருவருக்கும் மேல். வேறெந்தத் தொழிற் பிரிவிலும் இத்தனை பேர் இல்லை. இதை மருத்துவத் துறையின் கணக்கு என்று நம் சங்கங்கள் ஒதுக்கிவைக்க முடியுமா?

இதே காலத்தில் பழைய வளையம் வேறு உருவில் திரும்பி வருகிறது. 2020-இன் தொழில் உறவுத் தொகுப்பு, எல்லாத் தொழில் நிறுவனங்களிலும் வேலைநிறுத்தத்திற்கு 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்குகிறது. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே. சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் இறங்கும் தொழிலாளிக்கு அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவைப் புதிய நியாய சன்ஹிதையிலிருந்து நீக்கிவிட்டதாகப் பெருமை பேசுகிறார்கள். நீக்கியது சரியே. ஆனால் அரசு ஊழியரை ஒன்றைச் செய்யவோ செய்யாதிருக்கவோ நிர்ப்பந்திப்பதற்காகத் தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை சிறை என்று 226-ஆவது பிரிவில் வைத்திருக்கிறார்கள். பட்டினிப் போராட்டத்தில் அமர்பவர்மேல் இந்தப் பிரிவைப் பாய்ச்ச எவ்வளவு நேரமாகும்?

அடுத்த கோரிக்கைப் பட்டியலைத் தயாரிக்கும்போது கிளைகள் மூன்று செய்திகளைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தொழில்சார் நோய்ப் பட்டியலில் மனநலப் பாதிப்பைச் சேர்க்க வேண்டும். 2016-இன் சட்டம் தரும் பணிப் பாதுகாப்பைத் தனியார் நிறுவனங்களுக்கும் விரிவாக்க வேண்டும். ‘தொடர்ந்த உடல்நலக் குறைவு’ என்று கூறி மனநோய்க்கு ஆளானவரை நீக்குவதை ஒப்பந்தத்திலேயே தடுக்க வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம்வரை காத்திருக்கத் தேவையில்லை, நிர்வாகத்தோடு பேசியே எழுதி வாங்கலாம்.

இன்னொன்று, ஏற்கெனவே கையில் இருந்தும் நாம் பயன்படுத்தாதது. இ.எஸ்.ஐ.யில் நீண்டகால நோய்களுக்கான நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பலன் இருக்கிறது. அதன் பட்டியலில் காசநோய், புற்றுநோய் ஆகியவற்றோடு கடும் மனநோயும் இருக்கிறது. இரண்டாண்டுகள் தொடர்ந்து காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒப்பந்தத் தொழிலாளர் பலர் தடுக்கி விழுவது அங்கேதான். உங்கள் கிளைகளில் யாராவது இதற்கு மனுப் போட்டிருந்தால், அந்தத் தாள்களைப் பெயரை மறைத்து அடுத்த முகாமுக்குக் கொண்டுவாருங்கள். எந்தக் காரணம் காட்டி நிராகரித்தார்கள், மருத்துவச் சான்று எப்படி எழுதப்பட்டிருந்தது என்பதைச் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.